நிலநடுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (புஜ் 2001-ஐ முன்வைத்து)

எங்காவது நிலம் நடுங்கிவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது “எவ்வளவு?” என்றுதான். தொலைக்காட்சியும் “ரிக்டர் அளவுகோலில் இத்தனை” என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். அந்த எண் தேவைதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைப்பார்கள், எந்த வீடு நிற்கும் என்று சொல்ல முடியாது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தையும் அதன் தலைமையிடமான புஜ் நகரையும் உலுக்கிய நிலநடுக்கம் இதற்கு நல்ல சாட்சி. கீழே உள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

நிலம் ஏன் நடுங்குகிறது?

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. ஆனால் இரண்டு பக்கப் பாறைகள் உரசும் இடத்தில் உராய்வு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. தள்ளும் விசை நிற்பதில்லை, பிடியும் விடுவதில்லை. அதனால் பாறை மெல்ல மெல்ல வளைந்து அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. பல பத்தாண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள்கூட இப்படியே போகும். ஒரு நாள் பிடி விட்டுப்போகிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நகர்வு சில நொடிகளில் நடந்து முடிகிறது. அப்போது கிளம்பும் அலைகள்தான் நாம் உணரும் நடுக்கம். பாறை வழுக்கும் அந்த விரிசலைப் பிளவு என்கிறோம். வழுக்கல் தொடங்கும் ஆழமான புள்ளி நிலநடுக்க மையம், அதற்கு நேர் மேலே தரையில் உள்ள இடம் மேல்மையம்.

இதை மனிதர்கள் புரிந்துகொண்டது வேலிகளைப் பார்த்து. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் முடிந்ததும், சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குக் குறுக்கே நேராகப் போட்டிருந்த பண்ணை வேலிகள் அறுந்து கிடந்தன. வேலியின் ஒரு பாதி இங்கே, மறுபாதி பல அடி தள்ளி அங்கே. சில இடங்களில் இடைவெளி 20 அடி அளவுக்கு இருந்தது. ஹாரி ரீட் என்ற அமெரிக்கர் நில அளவைக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து, பாறை வளைந்து வளைந்து கடைசியில் விடுபடுகிறது என்ற விளக்கத்தை 1910-இல் முன்வைத்தார். அடிப்படை இன்றும் அதுதான்.

கட்ச் தட்டின் ஓரத்தில்கூட இல்லையே, அங்கே எப்படி?

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டிக்கொண்டிருப்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அந்த முட்டலில்தான் இமயமலை எழுந்தது. 2015-இல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேரைக் கொன்ற 7.8 அளவு நிலநடுக்கமும் அந்த விளிம்பில் வந்ததே.

கட்ச் அந்த விளிம்பிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் ஓரத்தில் விழும் அழுத்தம் ஓரத்தோடு நின்றுவிடாது, தட்டின் உட்பகுதிக்கும் கடத்தப்படும். கட்ச் பகுதியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நிலம் இழுபட்டு விரிந்தபோது உண்டான பழைய பிளவுகள் அடியில் கிடக்கின்றன. அன்று இழுத்த விசை இன்று அமுக்குகிறது. அழுத்தம் ஏறும்போது பாறை புதிதாக உடைவதைவிட ஏற்கெனவே உடைந்த இடத்தில் விடுபடுவது சுலபம். 2001-இல் கட்ச்சின் பச்சாவ் என்ற ஊர் அருகே நடந்தது இதுதான். அந்தப் பிளவு தரைமட்டம் வரை வந்து வாய் திறக்கவே இல்லை. அழிவைப் பார்க்கப் போனவர்களால் “இதோ, இந்த இடத்தில்தான் பூமி பிளந்தது” என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

தக்காணம் கெட்டிப் பாறை, அங்கே பயமில்லை என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டக் கிராமங்களில் அது உடைந்தது. அளவு 6.2 மட்டுமே. ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேற்றில் அடுக்கிய தடிமனான கற்சுவர்களும் மண் பாரம் ஏற்றிய கூரைகளும் சரிந்தன. இறந்தவர்கள் 8,000 முதல் 10,000 வரை.

மனிதர்கள் செய்யும் வேலையால் நிலநடுக்கம் வருமா?

வரும். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையை உலகம் முழுக்க உதாரணமாகச் சொல்கிறார்கள். 1960-களில் அணையில் நீர் தேங்கத் தொடங்கியதும் சிறு அதிர்வுகள் கூடின. 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் ஒன்று வந்து ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். தண்ணீரின் எடை ஒரு காரணம். விரிசல்களுக்குள் இறங்கும் நீர் பாறைகளின் பிடியைத் தளர்த்துவது இன்னொரு காரணம். ஏற்கெனவே அழுத்தம் சேர்ந்து நிற்கும் பிளவை அணை சற்று முன்னதாகத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் அணையால் பெரிய நிலநடுக்கத்தை உண்டாக்க முடியாது. எண்ணெய்க் கிணறுகளின் கழிவு நீரை ஆழத்தில் செலுத்தும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் இதே கதை நடந்தது.

எப்படி அளக்கிறார்கள்?

தரை ஆடும்போது தானும் சேர்ந்து ஆடாத ஒரு பொருள் வேண்டும். ஒரு கனமான எடையைத் தொங்கவிட்டால், தரை அசைந்தாலும் அது சற்று நேரம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். எடைக்கும் தரைக்கும் இடையே உண்டாகும் வித்தியாசத்தைத் தாளில் கோடாக இழுத்தால் அதுதான் நிலநடுக்கப் பதிவு. இன்றைய கருவிகளில் தொங்கும் எடைக்குப் பதில் மின்னணு நுட்பம் இருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

இந்தத் துறையில் இந்தியாவுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை ஒரு பேரதிர்வு உலுக்கியது. அப்போது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டாம், ஐரோப்பாவில் பதிவான அதன் கோடுகளை எடுத்துப் பார்த்தார். ஒரே நடுக்கம் மூன்று தவணையாக வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார். முதலில் வருவது முதன்மை அலை. அது பாறையை முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு ஓடும். அடுத்தது பாறையைக் குறுக்காக அசைக்கும் இரண்டாம் அலை. கடைசியில் தரைப்பரப்பை ஒட்டி வரும் மேற்பரப்பு அலை, பெரும்பாலும் அதிக நாசம் செய்வது. அந்த அதிர்வுக்குப் பிறகுதான் கல்கத்தாவின் அலிபூர், பம்பாயின் கொலாபா, நம் கொடைக்கானல் ஆகிய இடங்களில் 1898–99 வாக்கில் கருவிகள் வைத்தார்கள். கொடைக்கானல் என்றால் எல்லோருக்கும் சூரிய ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். பூமி ஆடுவதையும் அந்த மலை வெகுகாலமாகக் கவனித்து வருகிறது.

மேல்மையத்தைக் கண்டுபிடிப்பது எளிய கணக்கு. முதன்மை அலை மேலோட்டில் நொடிக்கு 6 கி.மீ. போல ஓடும், இரண்டாம் அலை 3.5 கி.மீ. போல. இரண்டும் வந்து சேரும் இடைவெளி நொடிகளை 8-ஆல் பெருக்கினால் தூரம் தோராயமாகக் கிடைத்துவிடும். இடைவெளி 20 நொடி என்றால் 160 கி.மீ. ஒரு நிலையத்திலிருந்து தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. அதனால் குறைந்தது மூன்று நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடிக்கிறார்கள். இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது தில்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையம்.

7-க்கும் 8-க்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம்?

சாதாரண அளவுகோல் என்றால் அப்படித்தான். இது மடக்கை அளவு. ஒரு எண் கூடினால் பதிவாகும் அசைவு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. இதுவரை கருவியில் பதிவானவற்றுள் மிகப் பெரியது 1960 மே 22 அன்று சிலியில் வந்த 9.5.

சின்னச் சின்ன அதிர்வு அடிக்கடி வந்தால் பெரியது வராமல் போகுமா?

போகாது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு 8 வெளியிடும் ஆற்றலைச் சில்லறையாகச் செலவழிக்க 6 அளவில் ஆயிரம் நிலநடுக்கங்கள் வேண்டும். எந்த ஊரிலும் அப்படி வருவதில்லை.

ஒரே நிலநடுக்கத்துக்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?

2001-இல் இது பெரிய சர்ச்சையே ஆனது. இந்திய வானிலைத் துறை 6.9 என்றது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் முதலில் 7.9 என்று சொல்லிப் பிறகு 7.7 என்று திருத்தியது. ஒரு எண் வித்தியாசம் என்றால் 32 மடங்கு ஆற்றல், அதனால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை, அளவுகோல்கள் வேறு. சார்லஸ் ரிக்டர் 1935-இல் தன் அளவுகோலை உருவாக்கியது தெற்குக் கலிபோர்னியாவுக்காக, அங்கே இருந்த ஒரு குறிப்பிட்ட கருவியை வைத்து. கோடு எவ்வளவு உயரம் எழும்பியது என்பதுதான் அதன் அடிப்படை. நடுத்தர நிலநடுக்கங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். 7-ஐ நெருங்கும்போது அது தடுமாறும். பிளவு இன்னும் நீளமாக உடைந்தாலும் கோடு அதற்கேற்ப உயராது, எண் அங்கேயே தேங்கிவிடும். அதனால்தான் 1979-இல் ஹாங்க்ஸ், கனமோரி என்ற இருவர் திருப்புத்திறன் அளவைக் கொண்டுவந்தார்கள். உடைந்த பிளவின் பரப்பு எவ்வளவு, எத்தனை மீட்டர் வழுக்கியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் பெருக்கி வரும் கணக்கு அது. இன்று பெரிய நிலநடுக்கங்களுக்கு உலகம் முழுக்க இதையே சொல்கிறார்கள். செய்தியில் மட்டும் ரிக்டரை விட மனமில்லை.

முதல் சில நிமிடங்களில் வரும் எண் எப்போதுமே அரைகுறைத் தகவலில் போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வைக்கவும். மறுநாள் 0.2 மாறினால் சதி எதுவும் இல்லை.

அளவு ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் பாதிப்பு வேறாக இருக்கிறதே?

அதற்குத்தான் தீவிரம் என்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றே ஒன்றுதான். தீவிரம் ஒவ்வோர் ஊருக்கும் வேறு. மெர்கல்லி என்ற இத்தாலியப் பாதிரியாரின் பெயரில் உள்ள அளவுகோல் I முதல் XII வரை ரோமன் எண்களில் போகும். கருவி வேண்டாம், கண்ணால் பார்த்ததே போதும்: தொங்கும் விளக்கு ஆடியதா, தூங்கியவர்கள் விழித்தார்களா, காரை உதிர்ந்ததா, சுவர் விழுந்ததா என்று பார்த்துப் போடுவது.

அளவு பெரிதாக இருந்தும் சேதம் குறைந்ததும் உண்டு, சிறிதாக இருந்து ஊரே போனதும் உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் வந்தது 7.0. இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அந்நாட்டு அரசின் கணக்கு இரண்டு லட்சத்தையும் தாண்டும். அடுத்த மாதமே சிலியில் 8.8, அதாவது ஏறத்தாழ 500 மடங்கு ஆற்றல். அங்கே இறந்தவர்கள் சுமார் 500 பேர், அவர்களிலும் பலரைக் கொண்டுபோனது சுனாமி. ஹெய்ட்டியில் பிளவு தலைநகரை ஒட்டி, ஆழமில்லாமல் இருந்தது. அது ஒரு காரணம். மற்றது, 1960-இல் அடி வாங்கிய சிலி கட்டட விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கக் கற்றிருந்தது. ஹெய்ட்டியில் கேட்க ஆளில்லை.

புஜ்ஜில் இடிந்தது சரி, மேல்மையத்திலிருந்து 250 கி.மீ. போலத் தள்ளி இருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் ஏன் விழுந்தன?

என்னைக் கேட்டால் 2001-இன் மிக முக்கியமான பாடம் இதுதான். கட்ச்சில் இறந்தவர்களின் எண்ணிக்கை பல ஆயிரம். குஜராத் முழுவதும் சேர்த்தால் 14,000 முதல் 20,000 வரை வெவ்வேறு கணக்குகள் உண்டு. ஆனால் அகமதாபாத் அவ்வளவு தொலைவில் இருந்தும் 700-க்கும் மேற்பட்டோரை இழந்தது. அதே தெருவில் ஒரு கட்டடம் கீறல் இல்லாமல் நிற்க, பக்கத்துக் கட்டடம் கூழானது.

முதல் காரணம் மண். அகமதாபாத் சபர்மதி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல் நிற்கிறது. கெட்டிப் பாறையில் வேகமாகக் கடந்துபோகும் அலை, இளகிய மண்ணுக்குள் வந்ததும் வேகம் குறைந்து உயரம் கூடும். ஆட்டம் பெரிதாகும், நீண்ட நேரமும் நிற்கும். 1985-இல் மெக்சிகோ நகரம் இதே காரணத்தால் சீரழிந்தது. மேல்மையம் 350 கி.மீ.-க்கும் அப்பால். ஆனால் நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரிப்படுகை. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 வந்தபோது ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான அரசுக் கட்டடம் ஒன்று சரிந்ததைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்த நகரமும் களிமண் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது, ஆடும் தாளம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென ஓர் ஆட்ட நேரம் உண்டு. தோராயமாக மாடிக்கு 0.1 நொடி என்பார்கள். பத்து மாடி என்றால் ஒரு முறை போய்வர ஒரு நொடி போல. தரையும் அதே தாளத்தில் ஆடினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதோடு சேர்ந்துகொள்ளும். தூரம் போகப் போக வேகமான அலைகள் தேய்ந்து, மெதுவான பெரிய அலைகள் மட்டும் மிஞ்சும். அதனால்தான் தொலைவில் உள்ள ஊரில் குடிசை சும்மா இருக்க, மாடி வீட்டுக்காரர்கள் அலறிக்கொண்டு இறங்குகிறார்கள்.

மூன்றாவதுதான் நம் ஊருக்கும் பொருந்துவது: தரைத்தளத்து வாகன நிறுத்தம். அகமதாபாத்தில் விழுந்தவற்றுள் நிறையக் கட்டடங்கள் இந்த வகை. மேலே நான்கு மாடிக்கும் செங்கல் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள், கீழே காருக்காக வெறும் தூண்கள். மேல்மாடிகள் விறைப்பாக ஒரே கட்டியாக நகர, மொத்த வளைவும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் போய் விழுகிறது. தூண் ஒடிந்ததும் முதல் மாடி தரைத்தளமாகிவிடும்.

இதற்கு நேரெதிராக, கட்ச்சின் பன்னி பகுதியில் உள்ள புங்கா என்ற வட்ட வடிவ மண் வீடுகள் பெரும்பாலும் தப்பின. வட்டச் சுவருக்குப் பிரிந்து விழ மூலை இல்லை. மேலே கூம்பாக வேய்ந்த புல் கூரை, விழுந்தாலும் ஆளைக் கொல்லாத எடை. பொறியாளர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தரையிலிருந்து தண்ணீர் பீறிட்டதாகச் சொன்னார்களே, அது உண்மையா?

உண்மை. மெரினாவில் அலை வந்து போன ஈர மணலில் நின்று காலை அசைத்துப் பாருங்கள், கெட்டியாக இருந்த மணல் குழைந்து பாதம் உள்ளே இறங்கும். நிலநடுக்கத்தின்போது இதுவே பல கிலோமீட்டர் பரப்பில் நடக்கிறது. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள நீரின் அழுத்தம் குலுக்கலில் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவது நின்றுபோகிறது. அந்த நேரத்துக்கு மணல் ஒரு திரவம். 2001-இல் கட்ச்சின் ரண் உப்புவெளியில் பல இடங்களில் நீரும் மணலும் மேலே கொப்பளித்தன. 1964-இல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிகள் உடையாமல் முழுசாக அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டன. கட்டடத்தில் குறையில்லை, காலுக்குக் கீழே மண் இல்லை.

அதே ரண் 1819 ஜூன் 16 அன்று இன்னும் விநோதமான ஒன்றைப் பார்த்தது. 80 கி.மீ.-க்கும் நீளமாக ஒரு மேடு எழும்பி, சிந்து ஆற்றின் ஒரு கிளையை மறித்தது. ஆள் கட்டாத கரை என்பதால் ஊர் மக்கள் அதற்கு அல்லா பந்து, அதாவது கடவுள் போட்ட கரை என்று பெயர் வைத்தார்கள். மேட்டுக்குத் தெற்கே நிலம் தாழ்ந்து சிந்திரி கோட்டை நீரில் மூழ்கியது.

கடலடி நிலநடுக்கம் எல்லாமே சுனாமி கொண்டுவருமா?

இல்லை. கடல் தரை மேலும் கீழும் அசைந்தால்தான் மேலே உள்ள நீர் தள்ளப்படும். 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ரா அருகே தொடங்கிய 9.1 நிலநடுக்கத்தில், அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு வழுக்கிக் கடல் தரை மீட்டர் கணக்கில் உயர்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் அலை வந்து சேர இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு அவகாசம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் அமைப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள், அவர்களில் சுமார் 6,000 பேர் நாகை மாவட்டத்தினர். இலங்கையில் 30,000-க்கும் மேல். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

இனி 2012 ஏப்ரல் 11. அதே சுமத்ரா அருகே 8.6. சென்னையில் பிற்பகல் வேலையில் இருந்தவர்கள் நாற்காலி ஆடுவதை உணர்ந்து படியிறங்கி ஓடினார்கள், கடற்கரையோர ஊர்களில் எல்லோருக்கும் பழைய பயம். பெரிய அலை வரவில்லை. அந்தப் பிளவின் இரு பக்கங்களும் பக்கவாட்டில் நகர்ந்தன, கடல் தரை பெரிதாக உயரவில்லை.

ஆனால் இதையெல்லாம் கரையில் நின்று கணக்குப் போட முடியாது. நின்று தடுமாறும் அளவுக்கு நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேடான இடத்துக்குப் போங்கள்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா? நாய், பாம்பு எல்லாம் உணருமாமே?

இன்ன நாள், இன்ன இடம், இன்ன அளவு என்று இதுவரை யாராலும் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. 1975-இல் சீனாவின் ஹைசெங்கில் மக்களை வெளியேற்றிய சில மணி நேரத்தில் 7-க்கு மேல் வந்தது. பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். அங்கே நாள் முழுக்க முன்னதிர்வுகள் வந்துகொண்டிருந்தது முக்கியக் காரணம். அடுத்த ஆண்டே தாங்ஷானில் எந்த அறிகுறியும் இல்லாமல் வந்து 2,42,000 பேரைக் கொன்றது. கலிபோர்னியாவின் பார்க்பீல்டில் சுமார் 22 ஆண்டுக்கு ஒரு முறை 6 அளவில் வரும் வழக்கம் இருந்தது. அடுத்தது 1993-க்குள் வரும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004-இல்.

விலங்குகள் முதன்மை அலையை நமக்குச் சில நொடி முன்னால் உணர்வது சாத்தியம். நாய் குரைக்கக் காரணம் ஆயிரம், நடந்த பிறகு மட்டும் நமக்கு அது நினைவுக்கு வரும். வாட்ஸ்அப்பில் “இன்றிரவு 11 மணிக்கு நிலநடுக்கம்” என்று வந்தால் அழித்துவிட்டுத் தூங்குங்கள்.

அப்புறம் ஜப்பானில் எப்படிப் போனில் எச்சரிக்கை வருகிறது?

அது கணிப்பு இல்லை. நிலநடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, வேகமான முதன்மை அலையைப் பிடித்ததும் கணினி செய்தி அனுப்புகிறது. மின்காந்த அலை பாறையலையைவிட எத்தனையோ மடங்கு வேகம் என்பதால் சில நொடிகள் மிஞ்சும். 2001-இல் அப்படி ஓர் அமைப்பு இருந்திருந்தால்? கட்ச்சிலிருந்து இரண்டாம் அலை அகமதாபாத்துக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். லிப்டை நிறுத்த, அடுப்பை அணைக்க, தரைத்தளத்தில் இருப்பவர் வெளியேற அது போதும். கட்ச்சிலேயே இருக்கும் பச்சாவுக்கோ அஞ்சாருக்கோ ஒரு பயனும் இருந்திருக்காது.

பின்னதிர்வு எத்தனை நாள் வரும்?

பெரியதற்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட வரும். நாள் போகப் போக எண்ணிக்கை குறையும். ஜப்பானின் ஒமோரி இதை 1894-இலேயே கணக்காகச் சொன்னார். பின்னதிர்வுகளில் பெரியது பொதுவாக முதன்மை நிலநடுக்கத்தைவிட ஒரு எண்ணுக்கு மேல் சிறியதாக இருக்கும். எப்போதும் இல்லை: 2023-இல் துருக்கியில் 7.8 வந்து ஒன்பது மணி நேரத்தில் 7.5 வந்தது. விரிசல் விட்ட வீட்டுக்குள் நகை எடுக்கப் போகாதீர்கள் என்பது அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு ஆபத்து உண்டா?

இமயமலை அளவுக்கு இல்லை, சுத்தமாக இல்லை என்றும் இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் அருகே ஏறத்தாழ 6 அளவில் வந்தது தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவில் வந்து சென்னையையும் ஆட்டியது. 2002-இல் திருத்திய நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து இன்னும் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். 1900-இல் கோவையில் இருந்த வீடுகளையும் இன்று இருப்பவற்றையும் மனதில் ஒப்பிட்டால் என் கவலை புரியும். ஏரியையும் சதுப்பு நிலத்தையும் தூர்த்து, அதன்மேல் வெறும் தூண்களில் நான்கு மாடி நிறுத்துவதில் நாம் அகமதாபாத்துக்குச் சளைத்தவர்கள் இல்லை.

நடுங்கும்போது வெளியே ஓடலாமா?

கான்கிரீட் கட்டடத்தின் மாடியில் இருந்தால் ஓட வேண்டாம். குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் உள்சுவர் ஓரம் தலையையும் கழுத்தையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பீரோ, கண்ணாடி ஜன்னல் பக்கம் வேண்டாம். நிலைவாசலில் நில் என்ற பழைய அறிவுரை இன்றைய வீடுகளுக்குப் பொருந்தாது. லிப்ட் கூடவே கூடாது. மண்சுவரும் கனத்த ஓடும் உள்ள வீட்டில், திறந்தவெளிக்கு வாசல் இரண்டே எட்டில் இருந்தால் வெளியேறுவது நல்லது.

வெளியே என்றால் எங்கே என்பதும் முக்கியம். அஞ்சாரில் அன்று காலை குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் வெளியில்தான் இருந்தார்கள். தெரு குறுகல். இரண்டு பக்கச் சுவர்களும் அவர்கள் மேல் விழுந்தன.

ஆட்டம் நின்றதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படி வழியாக இறங்குங்கள்.

வீடு கட்டப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மண் பரிசோதனை, அப்புறம் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம். இரண்டையும் செலவு என்று தள்ளிவிடுகிறவர்கள் டைல்ஸுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. தரைத்தளத்தில் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றால் விடுங்கள், ஆனால் அந்தத் தூண்களுக்குத் தனியாகக் கணக்குப் போட்டுப் பருமன் கூட்டச் சொல்லுங்கள், நடுநடுவே தரையிலிருந்து மேலே வரை போகும் கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு கேளுங்கள். தூண் இல்லாமல் செங்கல் சுவரிலேயே நிற்கும் வீடு என்றால் பேஸ்மட்டம், லிண்டல், கூரை என மூன்று மட்டத்திலும் வீட்டைச் சுற்றி அறுபடாமல் பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும். சுவர்கள் தனித்தனியாகப் பிரிந்து விழாமல் கட்டி வைப்பது அதுதான்.

கான்கிரீட் போடுவதற்கு முன்னால், கம்பி கட்டி முடிந்த அன்று ஒரு தரம் போய் நில்லுங்கள். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பாருங்கள். அதன் இரண்டு முனையும் தூணின் உள்பக்கம் நோக்கி 135 பாகைக்கு நன்றாக மடங்கியிருக்க வேண்டும். வேலை சுலபம் என்று கம்பி கட்டுபவர்கள் பெரும்பாலும் 90 பாகையில் மடித்து விடுவார்கள். நடுக்கத்தில் தூணின் வெளிப்பூச்சு உதிர்ந்ததும் அந்த முனை விரிந்துவிடும், ரிங் விரிந்தால் உள்ளே கான்கிரீட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. தூணும் பீமும் சேரும் இடத்தை ஒட்டி ரிங்குகள் நெருக்கமாக, 4 அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் இருக்கின்றனவா என்றும் டேப் வைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள், மறுநாள் கான்கிரீட் மூடிவிடும்.